ரோட்டுல சாவு குறையணும்னா எந்தக் கேள்வியைக் கேக்கணும்

எங்கயாவது ஆக்ஸிடென்ட்னு கேள்விப்பட்ட உடனே நம்ம வாயில வர்ற முதல் கேள்வி "யார் மேல தப்பு?"ங்கறதுதான். கேஸ் போடறதுக்கும் இன்சூரன்ஸ் வாங்கறதுக்கும் அந்தக் கேள்வி வேணும், அதை நான் குறை சொல்லல. ஆனா ஒரு நாடு முழுக்க ரோட்டுல சாகறவங்களைக் குறைக்கணும்னு உக்காந்தா அந்தக் கேள்வி ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போகாது, ஏன்னா பதில் எப்பவும் ஒண்ணுதான், டிரைவர் கவனிக்கல, பைக்ல வந்தவர் ஸ்பீடா வந்தாரு, நடந்து போனவங்க பாக்காம கிராஸ் பண்ணிட்டாங்க, அவ்வளவுதான், ஃபைலை மூடியாச்சு, கொஞ்ச நாள்ல அதே வளைவுல இன்னொருத்தர் செத்துப் போறாரு. சாவை நிஜமாவே குறைச்சுக் காட்டின நாடுகள் அடுத்த கேள்விக்குப் போச்சு: சரி, தப்பு நடந்துடுச்சு, அந்தத் தப்பு ஏன் உயிரை எடுக்கற அளவுக்குப் போச்சு?

முதல்ல எவ்வளவு பெரிய விஷயம்னு பாத்துடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல வெளியிட்ட அறிக்கைப்படி 2021ல உலகம் பூரா ரோட்டுல செத்தவங்க சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர், அதாவது ஒரு நாளைக்கு 3,200 பேருக்கு மேல. அடிபட்டுப் பொழைச்சவங்க வருஷத்துக்கு 2 கோடில இருந்து 5 கோடி வரைக்கும், அதுல கால் போனவங்க, தண்டுவடத்துல அடிபட்டு படுத்த படுக்கையானவங்க, தலைல அடிபட்டு பழைய மனுஷனா திரும்பி வராதவங்க எல்லாம் சேர்த்தி. 5 வயசுல இருந்து 29 வயசு வரைக்கும் இருக்கறவங்களோட சாவுக்கு முதல் காரணமே ரோடுதான், எந்த வியாதியும் இதை முந்தல. மொத்த சாவுல 92% ஏழை நாடுகள்லயும் நடுத்தர வருமான நாடுகள்லயும் நடக்குது, ஆனா உலகத்துல இருக்கற வண்டில சுமார் 60%தான் அங்க ஓடுது. செத்தவங்கள்ல பாதிக்கு மேல நடந்து போறவங்க, சைக்கிள்காரங்க, டூ வீலர்ல போறவங்க. இது எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம், ரோட்டை அகலப்படுத்தறது கார் சீக்கிரம் போகறதுக்காக, உயிர் போறது பெரும்பாலும் கார்ல இல்லாதவங்களுக்கு.

"வண்டி பெருகினா சாவும் பெருகத்தான் செய்யும், என்ன பண்றது"ன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அது தப்புங்கறதுக்கு ஜப்பான் ஒண்ணே போதும். 1970ல அங்க ரோட்டுல செத்தவங்க 16,765 பேர், 2023ல 2,678 பேர், இத்தனைக்கும் நடுவுல வண்டி எண்ணிக்கை பல மடங்கு ஏறிடுச்சு. பிரிட்டன்ல 1966ல கிட்டத்தட்ட 8,000 பேர் செத்தாங்க, இப்ப வருஷத்துக்கு 1,600, 1,700ன்னு நிக்குது. நெதர்லாந்துல 1971ல 3,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 400க்கு மேல சின்னப் பசங்க, பெத்தவங்க தெருவுல இறங்கி ரோட்டை மறிச்சாங்க, குழந்தைங்களைக் கொல்றதை நிறுத்துங்கன்னு இயக்கமே நடத்தினாங்க, இன்னைக்கு அந்த ஊரு சைக்கிள் பாதைகளை எல்லாரும் படம் புடிச்சுப் போடறோமே, அது அந்தக் கோவமும் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்த காலத்துல ஆரம்பிச்சதுதான். மக்கள் குணம் ராத்திரியோட ராத்திரியா மாறி இது நடக்கல, ரோடும் வண்டியும் சட்டமும் மாறுச்சு.

இந்த யோசனையை ஒரு கொள்கையாவே எழுதி வச்சது ஸ்வீடன். 1997 அக்டோபர்ல அவங்க பார்லிமென்ட் ஒரு தீர்மானம் போட்டுச்சு, ரோட்டுல யாரும் சாகவோ பெரிய அளவுல காயப்படவோ கூடாது, இலக்கு பூஜ்யம். இதுக்குப் பின்னாடி இருந்த முக்கியமான ஆளு ரோட்டுப் பாதுகாப்பு நிபுணர் கிளாஸ் டிங்வால். அந்தக் கொள்கையோட அடிப்படை ரொம்ப எளிமையானது. மனுஷன் தப்பு பண்ணுவான், எவ்வளவு பயிற்சி குடுத்தாலும் பண்ணுவான், தூக்கம் வரும், குழந்தை பின்னாடி அழும், வெயில் கண்ணுல அடிக்கும். மனுஷ உடம்பு தாங்கற அடிக்கும் ஒரு அளவு இருக்கு. அப்ப தப்பு நடக்கும்போது உடம்பு மேல வர்ற அடி அந்த அளவைத் தாண்டாத மாதிரி ரோட்டையும் வேகத்தையும் வண்டியையும் அமைக்கறது ரோடு போடறவங்களோட பொறுப்பு. ஓட்டறவங்க ரூல்ஸை மதிக்கணும், அது அவங்க பங்கு, ஆனா அவங்க மதிக்கலன்னாலும் ரோடு போட்டவங்க கையைக் கழுவிட்டுப் போக முடியாது, இன்னொரு தடவை யாரும் சாகாம இருக்க வழி பண்ணணும். 1997ல அங்க 541 பேர் செத்தாங்க, 2023ல 229.

இது வெறும் பேச்சா இருந்துடாம இருக்க அவங்க பண்ணின ஒரு காரியத்தை மட்டும் கிட்டப் போய்ப் பாக்கலாம். ஸ்வீடன்ல ஊருக்கு வெளிய 13 மீட்டர் அகல ரோடு நிறைய இருந்துச்சு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு லேன், ஓரத்துல தாராளமா இடம், நடுவுல வெறும் கோடு. நல்ல அகலமா இருக்கேன்னு ஓவர்டேக் பண்ணுவாங்க, எதிர்ல வர்ற வண்டி மேல நேரா போய் மோதுவாங்க, ரெண்டு பக்கமும் வேகமா வர்றதால பொழைக்க வழியே இல்ல. நாலு வழிச் சாலை போட ஆகற செலவுக்கு எல்லா ரோட்டையும் மாத்த முடியாது. அதனால 1998ல ஒரு இடத்துல, அதே 13 மீட்டருக்குள்ளயே மூணு லேனா கோடு போட்டு, நடுவுல இரும்புக் கம்பி வடத்தை இழுத்துக் கட்டி, ஒரு பக்கத்துக்கு ரெண்டு லேன் எதிர்ப் பக்கத்துக்கு ஒரு லேன், கொஞ்ச தூரம் போனதும் அது அப்படியே மாறி வரும்னு அமைச்சாங்க. ஓவர்டேக் பண்ண நினைக்கறவருக்குக் கொஞ்ச நேரத்துல முறை வந்துடும், எதிர்ல பாயத் தேவையே இல்ல. ஆரம்பத்துல நிறைய எதிர்ப்பு, ரோடு குறுகிடுச்சுன்னாங்க, பைக் ஓட்டறவங்க அந்தக் கம்பி எங்களை அறுத்துடும்னு பயந்தாங்க. நடந்தது என்னன்னா கம்பில போய் உரசற சின்னச் சின்ன மோதல் கூடிச்சு, வண்டி நசுங்கிச்சு, கம்பத்தை மாத்திக்கிட்டே இருக்க வேண்டி வந்துச்சு, ஆனா அந்த ரோடுகள்ல சாவு முக்கால்வாசிக்கு மேல குறைஞ்சுது. மோதல் எண்ணிக்கையை மட்டும் எண்ணியிருந்தா இதைத் தோல்வின்னே எழுதியிருப்பாங்க, அவங்க உயிரை எண்ணினாங்க.

அடுத்தது வேகம், இதைத்தான் நான் எல்லாத்துக்கும் மேல வைப்பேன். 50க்கும் 60க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணும், கணக்குப் போட்டுப் பாருங்க. காஞ்ச ரோடு, நல்ல பிரேக் இருக்கற கார், குறுக்க ஒரு குழந்தை ஓடி வருது, டிரைவர் அதைப் பாத்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி. 50 கிலோமீட்டர் வேகத்துல அந்த ஒன்றரை நொடிலயே வண்டி 21 மீட்டர் போயிடும், பிரேக் புடிச்சு நிக்க இன்னொரு 14 மீட்டர், மொத்தம் 35 மீட்டர்ல வண்டி நின்னுடும், குழந்தை 36வது மீட்டர்ல இருந்தா தப்பிச்சுடும். அதே கார், அதே டிரைவர், 60 வேகம். ஒன்றரை நொடில 25 மீட்டர் போயிடுச்சு, பிரேக் புடிக்க ஆரம்பிச்சு 10 மீட்டர்தான் ஆகியிருக்கு, அதுக்குள்ள 35வது மீட்டர் வந்துடுச்சு, அந்த இடத்துல வண்டி இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல போயிட்டு இருக்கும். ஒரு வண்டி நின்னுட்ட இடத்துல இன்னொரு வண்டி 40 வேகத்துல இடிக்குது, ஆரம்பத்துல இருந்த வித்தியாசம் வெறும் 10தான். வேகம் ரெண்டு மடங்கானா மோதற சக்தி நாலு மடங்கு ஆகும்ங்கறது ஸ்கூல் பாடம், அது ரோட்டுல இப்படித்தான் வந்து நிக்கும். சராசரி வேகம் 1% கூடினா உயிர் போற விபத்துக்கான ஆபத்து 4% கூடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 50ல இடிக்கறதுக்குப் பதிலா 65ல இடிச்சா நடந்து போறவர் சாகற ஆபத்து நாலரை மடங்கு ஆகிடும்.

அதனாலதான் ஆளுங்களும் வண்டியும் கலந்து போற இடத்துல 30ங்கற எண் திரும்பத் திரும்ப வருது. 2020 பிப்ரவரில ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம்ல ரோட்டுப் பாதுகாப்புக்காகக் கூடின உலக மாநாட்டுப் பிரகடனமும் அதைத்தான் சொல்லுச்சு. ஸ்பெயின் 2021 மே மாசத்துல இருந்து ஊருக்குள்ள ஒவ்வொரு பக்கமும் ஒரு லேன் இருக்கற தெருவுக்கு எல்லாம் 30ன்னு வச்சுடுச்சு. பின்லாந்து தலைநகர் ஹெல்சின்கில பாதிக்கு மேல தெருக்கள் 30 வேகத்துக்குள்ள வந்தாச்சு, அந்த நகரத்துல 2024 ஜூலைல இருந்து 2025 ஜூலை வரைக்கும் ஒரு வருஷம் முழுக்க ரோட்டுல ஒருத்தர்கூட சாகல. அவ்வளவு பெரிய தலைநகர்ல இது முடியும்னு எழுதும்போதே எனக்கு சந்தோஷமா இருக்கு. ஆனா வெறும் 30ன்னு போர்டு நட்டா போதாது. ரோடு அகலமா நேரா வழவழன்னு இருந்தா கால் தானா ஆக்ஸிலரேட்டரை அமுத்தும், போர்டு ஒண்ணு சொல்லும் ரோடு ஒண்ணு சொல்லும், டிரைவர் ரோடு சொல்றதைத்தான் கேப்பாரு. லேனைக் குறுக்கறது, கிராஸிங்கை மேடாக்கறது, நடைபாதையை மூலைல அகலமாக்கறது, ரோட்டு நடுவுல நின்னுட்டுப் போக ஒரு திட்டு வைக்கறது, இதெல்லாம் இருந்தாத்தான் அந்த 30 நிஜமான 30.

ஜங்ஷன் விஷயத்துலயும் இதே கதைதான். நாலு ரோடு சந்திக்கற இடத்துல வண்டிங்க ஒண்ணை ஒண்ணு முட்டிக்க 32 இடம் இருக்கு, அதையே ஒத்தை லேன் ரவுண்டானாவா மாத்தினா 8 இடம்தான். அதைவிட முக்கியம், ரவுண்டானால மோதினாலும் மெதுவா, பக்கவாட்டுல உரசற மாதிரி மோதும். சிக்னல்ல சிவப்பைத் தாண்டி வர்றவன் முழு வேகத்துல அடுத்தவனோட கதவுல நேரா இடிப்பான், கதவுப் பக்கம்தான் கார்ல உடம்புக்கும் வெளி உலகத்துக்கும் நடுவுல இடம் ரொம்பக் கம்மியா இருக்கற பக்கம். அமெரிக்கால இப்படி மாத்தின ஜங்ஷன்கள்ல உயிர் போற விபத்து 90% அளவுக்குக் குறைஞ்சிருக்கு.

அமெரிக்கான்னு சொன்னதும் இன்னொண்ணையும் சொல்லணும். பணமும் தொழில்நுட்பமும் இருந்தா மட்டும் போதாதுங்கறதுக்கு அந்த நாடே உதாரணம். 2009ல அங்க நடந்து போனவங்க 4,100 பேர் அளவுக்கு வண்டில அடிபட்டு செத்தாங்க, 2022ல அது 7,500ஐத் தாண்டிடுச்சு. கடையும் பஸ் ஸ்டாப்பும் இருக்கற ரோட்டையே ஹைவே மாதிரி அகலமா வேகமா போட்டு வச்சது, கிராஸிங் ரொம்ப தூரத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல முன்பக்கம் உயரமா இருக்கற பெரிய வண்டிங்க பெருகினது. உயரமான வண்டி காலைத் தட்டி ஆளை பானெட் மேல சாய்க்காது, நெஞ்சுலயும் தலைலயும் நேரா இடிக்கும். இத்தனைக்கும் விபத்தை இந்தக் கண்ணோட பாக்கச் சொல்லிக் குடுத்தவரே ஒரு அமெரிக்க டாக்டர், வில்லியம் ஹாடன். காயத்தை உண்டாக்கறது கட்டுப்பாடு இல்லாம உடம்புல வந்து சேர்ற சக்தி, விபத்துக்கு முன்னாடி, நடக்கும்போது, நடந்த பின்னாடின்னு மூணு கட்டத்துலயும் அதைத் தடுக்க வழி தேடலாம்னு 1960கள்லயே பிரிச்சு வச்சவரு அவரு.

நடக்கும்போது தடுக்கறதுல ரெண்டு பொருள் எவ்வளவு உயிரைக் காப்பாத்தியிருக்குன்னு சொல்லி முடியாது. 1959ல வோல்வோ கம்பெனி இன்ஜினியர் நில்ஸ் போலின் கொண்டு வந்த மூணு முனை சீட் பெல்ட் ஒண்ணு, அந்தக் காப்புரிமையை மத்த கம்பெனிங்களும் பயன்படுத்தலாம்னு வோல்வோ திறந்து விட்டுச்சு. பெல்ட் போட்டா வண்டில இருக்கறவர் சாகற ஆபத்து பாதி வரைக்கும் குறையும். பின்னாடி சீட்ல பெல்ட் எதுக்குன்னு கேக்கறவங்க ஒண்ணை யோசிக்கணும், மோதற நேரத்துல பெல்ட் போடாம பின்னாடி இருக்கறவர் உடம்பு முழு வேகத்துல முன் சீட்டு மேல வந்து விழும், பெல்ட் போட்ட டிரைவரையும் சேர்த்து நசுக்கும். இன்னொண்ணு ஹெல்மெட். சரியா போட்டா சாகற ஆபத்து ஆறு மடங்குக்கு மேல குறையும், மூளைல அடிபடறது 74% வரைக்கும் குறையும். இங்க "சரியா" தான் முக்கியம். வாரை மாட்டாத ஹெல்மெட் முதல் உருளல்லயே கழண்டு பறந்துடும், மண்டை தரைல அடிக்கறது பெரும்பாலும் அதுக்கு அப்புறம்தான். போட்டுட்டு பின்பக்கத்துல இருந்து முன்னாடி தள்ளிப் பாருங்க, கழண்டு வந்தா அது பெருசு. ஒரு தடவை பலமா அடிபட்டிருந்தா மேல ஓடு நல்லா இருந்தாலும் மாத்திடணும், உள்ள இருக்கற அந்த தெர்மோகோல் மாதிரி பகுதி நசுங்கித்தான் அடியை வாங்கிக்கும், நசுங்கினது திரும்ப எழும்பாது.

ஹெல்மெட்டுக்கு சட்டம் போட்டா மக்கள் கேக்க மாட்டாங்கன்னு சொல்றவங்களுக்கு வியட்நாமைக் காட்டலாம். 2007 டிசம்பர் 15ல இருந்து எல்லா ரோட்டுலயும் ஹெல்மெட் கட்டாயம்னு அறிவிச்சாங்க, போலீஸ் முதல் நாள்ல இருந்தே நின்னு பாத்துச்சு, கொஞ்ச நாள்ல ஊருக்குள்ள ஹெல்மெட் போடறவங்க 90%ஐத் தாண்டிட்டாங்க. குறையும் இருந்துச்சு, 14 வயசுக்குக் கீழ இருக்கற பசங்களுக்கு ஃபைன் போட முடியாதுன்னு இருந்ததால அப்பா அம்மா ஹெல்மெட்டோடயும் நடுவுல உக்காந்த குழந்தை வெறுந்தலையோடயும் போறது சகஜமா இருந்துச்சு, தரமில்லாத ஹெல்மெட்டும் மார்க்கெட்ல கொட்டிச்சு. சட்டத்தை ஒரு தடவை எழுதிட்டு விட்டுடக் கூடாது, எங்க ஓட்டைன்னு பாத்துப் பாத்து அடைக்கணும்.

போலீஸ், ஃபைன் பத்திப் பேசும்போது தொகையைப் பல மடங்கு ஏத்தினா எல்லாரும் திருந்திடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. மாட்டவே மாட்டோம்னு நினைக்கறவருக்கு ஃபைன் எவ்வளவு இருந்தா என்ன, எப்படியும் மாட்டுவோம்ங்கற நினைப்புதான் காலை பிரேக்குக்குக் கொண்டு வரும். ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல 1982 டிசம்பர்ல யாரை வேணும்னாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம்னு ஆரம்பிச்சாங்க, தள்ளாடறவரை மட்டும் புடிக்கறதை விட்டுட்டு எல்லாரையும் ஊதச் சொன்னதாலதான் குடிச்சுட்டு ஓட்டறது குறைஞ்சுது, சாவும் சட்டுன்னு குறைஞ்சுது. ஸ்வீடன்ல ஸ்பீடு கேமரா இருக்கற இடத்துக்கு முன்னாடியே இங்க கேமரா இருக்குன்னு போர்டு வச்சுடறாங்க, ஃபைன் வசூலிக்கறது நோக்கம் இல்ல, அந்த ஆபத்தான துண்டுல எல்லாரும் மெதுவா போகணும் அவ்வளவுதான். எனக்கு இது ரொம்ப சரின்னு படுது, ஏன்னா மறைஞ்சு நின்னு புடிக்கும்போது மக்கள் இதை வசூல்னு நினைச்சுடறாங்க, அதுக்கப்புறம் நல்ல சட்டத்துக்கும் மரியாதை போயிடுது. விழிப்புணர்வு வாரம், பேரணி, உறுதிமொழி பத்தி ஒரே ஒரு வரி: பின்னாடியே சோதனையும் ரோட்டு மாற்றமும் வந்தா உதவும், தனியா பண்ணினா பெரிய பலன் இல்ல.

அடிபட்ட அப்புறம் என்ன நடக்குதுங்கறது பலபேர் மறந்துடற பகுதி. நிறைய பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே செத்துடறாங்க, ரத்தம் போயே செத்தவங்க, மல்லாக்கப் படுத்து மூச்சு அடைச்சு செத்தவங்க. பக்கத்துல இருக்கறவங்க சுத்தமான துணியை வச்சு காயத்தை நல்லா அமுத்திப் புடிச்சிருந்தாலே சிலர் பொழைச்சிருப்பாங்க. ஆனா தொட்டா கேஸ்ல மாட்டிப்போம்னு பயந்து நிக்கறாங்க, அதனாலதான் உதவி பண்றவங்களைப் பாதுகாக்கற சட்டம் வேணும், அது இருக்குன்னு மக்களுக்குத் தெரியவும் வேணும். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தா மட்டும் போதாது, அது எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுது, அங்க அந்த நேரத்துல ஆபரேஷன் பண்ண ஆள் இருக்காங்களாங்கறதுலயே உயிர் நிக்குது.

இதுக்கெல்லாம் கீழ இருக்கற அஸ்திவாரம் கணக்கு. உலக அளவுல விபத்து நடந்து 30 நாளுக்குள்ள செத்தாலும் ரோட்டு சாவுதான்னு கணக்குல சேர்க்கறாங்க. ஆறாவது நாள் ஆஸ்பத்திரில செத்தவர் போலீஸ் பதிவுக்குத் திரும்பி வரலன்னா அந்த நாட்டோட எண்ணிக்கை அழகா இருக்கும், அவ்வளவுதான். போலீஸ், ஆஸ்பத்திரி, இறப்புப் பதிவு மூணையும் சேர்த்துப் பாத்தாதான் உண்மை தெரியும். அதுலயும் காரணம்னு இருக்கற கட்டத்துல "கவனக்குறைவு"ன்னு ஒரே வார்த்தைல எழுதிட்டா ரோடு இன்ஜினியருக்கு அதுல இருந்து எடுக்க ஒண்ணுமே இல்ல. எந்த இடம், வெளிச்சம் இருந்துச்சா, வளைவு எப்படி, வண்டிங்க வழக்கமா என்ன வேகத்துல போகுது, ஓரத்துல மரமா பள்ளமா, ஹெல்மெட் கழண்டுச்சா, இதெல்லாம் வேணும். ஸ்வீடன்ல உயிர் போன ஒவ்வொரு விபத்துக்கும் ரோட்டுத் துறையோட ஆளுங்க நேர்ல போய் இப்படி ஆராயறாங்க. ரோடு ஒரு துறை, லைசென்ஸ் ஒரு துறை, போலீஸ் ஒரு துறை, ஆம்புலன்ஸ் இன்னொரு துறைன்னு பிரிஞ்சு கிடக்கற இடத்துல சாவு எண்ணிக்கைக்கு யார் பதில் சொல்றதுன்னே தெரியாது, அதனால பணமும் அதிகாரமும் உள்ள ஒரே அமைப்பு பொறுப்பா இருக்கணும்னு சொல்றாங்க.

2030க்குள்ள சாவைப் பாதியாக்கணும்னு ஐ.நா. இலக்கு வச்சிருக்கு. 2010ல இருந்து 2021 வரைக்கும் உலக அளவுல குறைஞ்சது 5%தான். ஆனா அதே காலத்துல 10 நாடுகள் பாதிக்கு மேல குறைச்சிருக்கு, டென்மார்க், நார்வே, ஜப்பான் மட்டும் இல்ல, லிதுவேனியா, பெலாரஸ், ஐக்கிய அரபு அமீரகமும் அந்தப் பட்டியல்ல இருக்கு. கையில காசு கம்மியா இருக்கற நாடு எங்க ஆரம்பிக்கறதுன்னு என்னைக் கேட்டா, ஸ்கூல் வாசல், மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேகத்தை மேடு போட்டே 30க்குக் கொண்டு வாங்க, நேருக்கு நேர் மோதற ரோட்டுல நடுவுல தடுப்பு வையுங்க, தரமான ஹெல்மெட்டை வாரோட போட வையுங்க, ஒவ்வொரு சாவுக்கும் அந்த இடத்துல என்ன மாத்தினோம்னு எழுதி எல்லாரும் படிக்கற மாதிரி வெளியிடுங்கன்னு சொல்லுவேன். இந்த நாலுக்கும் புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல.